குதிரை முட்டை வாங்கலாமா?
(எழுத விரும்பும் மாணவியர்க்குச் சில எச்சரிக்கைகள்)



நம் ஊருக்கு அண்மையிலுள்ள ஏலாக்குறிச்சிக்கு உங்களில் பலர் பெற்றோருடன் சென்றிருப்பீர்கள். அடைக்கல மாதா ஆலயத்தை அங்கே எழுப்பிய வீரமாமுனிவர் தேம்பாவணி பாடிய பெரும்புலவர். 1732இல் சதுரகராதி தந்த அறிஞர். அவரே நாம் வயிறு குலுங்கச் சிரிக்கும் பரமார்த்த குருவின் கதையையும் எழுதினார். அக்கதையில் சீடர்கள் குருவுக்குக் குதிரை வாங்கப் புறப்படுகிறார்கள். தோட்டத்தில் கிடந்த பூசணிக்காயைக் காட்டி, "இது குதிரை முட்டை" என்கிறான் ஒருவன். அவர்களும் காசு கொடுத்து வாங்கிச் சுமந்து வருகிறார்கள். வழியில் காய் விழுந்து உடைகிறது. புதரிலிருந்து ஒரு முயல் ஓடுகிறது. "ஐயோ, குதிரைக் குட்டி ஓடிவிட்டதே!" என்று அதன் பின்னே ஓடுகிறார்கள்.

சீடர்கள் ஏமாந்ததற்கு அவர்களுடைய அறிவின்மை மட்டும் காரணமன்று. குதிரை வேண்டும் என்ற ஆசை அவர்கள் கண்ணை மறைத்தது. நமக்குப் பெரிதும் வேண்டிய ஒன்றை ஒருவன் மலிவாகத் தருகிறேன் என்றால், அது முட்டையா காயா என்று பார்க்க நமக்குத் தோன்றுவதில்லை. எழுத விரும்புவோர்க்குத் தம் பெயரை அச்சில் காணும் ஆசை அத்தகையது. அது தவறான ஆசையும் அன்று. ஆனால் அந்த ஆசையை விலைபேசுவோர் இன்று பெருகியுள்ளனர். அவர்களை அறிந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் அறுபது ரூபாய்

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் பதினொன்றாம் வகுப்பில் படித்தபோது கவிதை எழுதும் பழக்கம் இருந்தது. இளங்கவிஞர்களின் கவிதைகளைத் திரட்டி நூலாக்கப் போவதாக ஒரு விளம்பரம் கண்டு, என் கவிதை ஒன்றை அனுப்பினேன். பத்தே நாளில் பதில் வந்தது. பல்லாயிரம் கவிதைகளில் என் கவிதை தேர்வு பெற்றதாம். அச்சுச் செலவுக்கு என் பங்காக அறுபது ரூபாய் அனுப்ப வேண்டுமாம்.

அம்மா கடலை உடைத்துச் சேர்த்த கூலிப் பணம் அஞ்சறைப்பெட்டியில் இருந்தது. நான் கேட்டதும், ஏன் எதற்கு என்று கேளாமல் எடுத்துக் கொடுத்தார்கள். "புத்தகத்தில் உன் பேரு வருமில்லே?" என்று மட்டும் கேட்டார்கள். அஞ்சலகத்தில் மணியார்டர் செய்துவிட்டு வந்த அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. நூல் ஆயத்தமாம், பிரதி வேண்டுமானால் வி.பி.பி.யில் நாற்பத்தைந்து ரூபாய் கட்டிப் பெற்றுக்கொள்ள வேண்டுமாம்! மறுபடியும் அம்மாவிடம் கேட்டேன். வந்த புத்தகத்தைப் பிரித்தால், பொடி எழுத்தில் ஒரு பக்கத்துக்கு ஐந்து கவிதைகள் அடைத்திருந்தன. என் பெயரில் எழுத்துப் பிழை. கவிதையின் கடைசி இரண்டு வரிகளைக் காணோம். அந்த நூலை எந்தக் கடையிலும் எந்த நூலகத்திலும் நான் பின்னர் பார்த்ததில்லை. அதில் கவிதை எழுதியவர்கள் மட்டுமே அதை வாங்கியிருப்பார்கள்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. என் பெயர் அச்சான இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, புத்தகத்தைப் புடைவைக்குள் வைத்துப் பூட்டினார்கள். அது பிழையாக அச்சாகியிருந்தது என்பதை அவர்கள் மறையும் வரை நான் சொல்லவே இல்லை. ஏமாந்த பணத்தைவிட, அந்த மௌனமே என்னை நெடுநாள் உறுத்தியது.

இவ்வாண்டு ஜூலையில் நம் மாணவி ஒருத்தி தன் தந்தையின் கைப்பேசியோடு என்னிடம் வந்தாள். "டீச்சர், என் கவிதை செலக்ட் ஆயிடுச்சு!" என்று காட்டினாள். நூறு இணையாசிரியர்கள் சேர்ந்து எழுதும் நூல். பங்கேற்புக் கட்டணம் 499 ரூபாய். சான்றிதழும் பதக்கமும் உண்டு. இன்று இரவுக்குள் பணம் செலுத்தவேண்டும். மணியார்டர் போய்க் கைப்பேசி வந்திருக்கிறது. பூசணிக்காய் மட்டும் மாறவில்லை!

பணம் கேட்பதெல்லாம் மோசடியா?

இல்லை. இதை முதலில் தெளிவாக உணரவேண்டும். இதற்கு நம் அரியலூரோடு தொடர்புடைய ஒரு சான்று உண்டு. தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாதையர் சிறுவராக இருந்தபோது அவர் தந்தையார் குடும்பத்துடன் அரியலூரில் வாழ்ந்தார். சடகோபையங்கார் என்ற புலவரிடம் ஐயர் தமிழ் கற்றுச் சுவை கண்டது அரியலூரிலேதான். பிற்காலத்தில் அவர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்தபோது கையில் பணமில்லை. தமிழன்பர்கள் பலரிடம், நூல் வெளிவந்தால் இத்தனை பிரதி வாங்கிக்கொள்கிறோம் என்று கையொப்பம் பெற்றார். சிலர் பொருளுதவியும் செய்தனர். 1887இல் நூல் வெளிவந்தது. தமிழுலகமே அதனால் பயன் பெற்றது.

இங்கே பணம் கொடுத்தவர் யார்? நூலைப் படிக்க விரும்பிய வாசகர். எதற்காகக் கொடுத்தார்? கைக்கு வரப்போகும் நூலுக்காக. கேட்டவர் யார்? ஊரறிந்த ஆசிரியர். மறைவு எதுவும் இல்லை.

அதுபோலவே இன்று ஒருவர் அச்சகத்துக்குச் சென்று தம் செலவில் நூறு பிரதி அச்சிட்டுக்கொண்டால், அதுவும் நேர்மையான கொடுக்கல் வாங்கலே. அச்சகத்தார், "இது அச்சுக்கூலி, நூல்கள் உங்களுடையவை, விற்பது உங்கள் பொறுப்பு" என்று உள்ளதைச் சொல்லிவிடுகிறார். அச்சுக்கூலியைப் பரிசென்றும் தேர்வென்றும் பெயர் மாற்றிச் சொல்லும்போதுதான் மோசடி தொடங்குகிறது.

இந்த வேறுபாட்டை ஒரு கணக்கால் காணலாம். நூறு மாணவியரிடம் ஆளுக்கு 499 ரூபாய் வாங்கினால் 49,900 ரூபாய் சேரும். ஒரு பிரதிக்கு 120 ரூபாய் அடக்கம் என்று வைத்துக்கொண்டாலும், நூறு பிரதிக்கு 12,000 ரூபாயே ஆகும். மீதி 37,900 ரூபாய் எங்கே போயிற்று? நூல் ஒன்றுகூடக் கடையில் விற்காவிட்டாலும் அந்தப் பதிப்பாளருக்கு நட்டமில்லை. ஆகவே அவர் விற்க முயலவும் மாட்டார். நல்ல கவிதையைத் தேடவும் மாட்டார். அவருக்கு வாடிக்கையாளர் வாசகர் அல்லர், எழுதியவரே.

பரிசுப் போட்டியும் நீதிமன்றமும்

போட்டி என்ற பெயரில் பணம் திரட்டுவதும் புதிதன்று. பெங்களூரிலிருந்து வெளிவந்த 'ஸ்போர்ட்டிங் ஸ்டார்' என்ற வார இதழ் ஆர்.எம்.டி.சி. குறுக்கெழுத்துப் போட்டிகளை நடத்தியது. நுழைவுக் கட்டணம் உண்டு. பெரும் பரிசும் உண்டு. பம்பாய் மாநிலத்தில் விடைத்தாள்களைத் திரட்டத் தனி நிலையங்களே இருந்தன. பார்வைக்கு அது சொல்லறிவைச் சோதிக்கும் போட்டி. ஆனால் ஒரு குறிப்புக்கு இரண்டு சொற்கள் ஏறக்குறைய ஒரே அளவு பொருந்தும். எது சரி என்பதை நடத்துவோர் முன்பே முடிவு செய்து முத்திரையிட்டு வைத்திருப்பர். எவ்வளவு படித்தவரும் ஊகிக்கத்தான் வேண்டும். ஊகிப்பது அறிவா, சூதா?

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1957ஆம் ஆண்டில் நீதிமன்றம் இதைச் சூது என்றே முடிவு செய்தது. சூதாட்டத்தைத் தொழில் என்று சொல்லி அரசியலமைப்பின் பாதுகாப்பைக் கோர முடியாது என்றும் தீர்த்தது. இதற்கிடையில் 1955இலேயே பரிசுப் போட்டிகள் சட்டம் பிறந்துவிட்டது. இத்தகைய சட்டம் வேண்டுமென்று தீர்மானித்த மாநிலங்களுள் அன்றைய சென்னை மாநிலமும் ஒன்று. மாதம் 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசுள்ள அத்தகைய போட்டிகளை அச்சட்டம் தடை செய்தது. அதற்குட்பட்டவற்றிற்கு உரிமம் வேண்டும் என்றது.

ஆனால் ஒன்று கவனிக்க. அச்சட்டம் அதிர்ஷ்டத்தை நம்பும் போட்டிகளுக்கே பொருந்தும், திறமையை நம்பும் போட்டிகளுக்கு அன்று என்றும் நீதிமன்றம் அதே ஆண்டில் விளக்கியது. கவிதைப் போட்டியும் கட்டுரைப் போட்டியும் திறமைப் போட்டிகள். ஆகவே கட்டணம் வாங்கிக்கொண்டு நடக்கும் ஒவ்வொரு கவிதைப் போட்டியையும் இச்சட்டம் தடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அங்கே நம் விழிப்பே நமக்குக் காவல்.

கடல் கடந்த வேடிக்கை

அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சி உங்களுக்குச் சிரிப்பூட்டும். 'பப்ளிஷ் அமெரிக்கா' என்ற நிறுவனம், தாம் தரம் பார்த்தே நூல்களை ஏற்பதாகச் சொல்லிவந்தது. அதைச் சோதிக்க எண்ணிய முப்பதுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்கள் கூடி, வேண்டுமென்றே மிக மோசமான ஒரு நாவலை எழுதினார்கள். ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாது. ஓர் அத்தியாயம் இரண்டு இடங்களில் அப்படியே வரும். இருபத்தொன்றாம் அத்தியாயமே இல்லை. ஓர் அத்தியாயம் கணிப்பொறி தாறுமாறாகச் சொற்களைக் கோத்தது! 'அட்லாண்டா நைட்ஸ்' என்ற அந்த நாவலை அந்நிறுவனம் 2004 டிசம்பரில் ஏற்றுக்கொண்டது. 2005 ஜனவரியில் எழுத்தாளர்கள் உண்மையை வெளியிட்ட பிறகே தன் ஏற்பைத் திரும்பப் பெற்றது.

அதற்கும் முன்னர் 'புகழ்பெற்ற எழுத்தாளர் பள்ளி' என்ற அஞ்சல்வழிப் பள்ளி ஒன்று அங்கே இருந்தது. பெரிய எழுத்தாளர்களின் படங்களைப் போட்டு, "உங்களுக்குள் எழுத்தாளர் இருக்கிறாரா? சோதித்துச் சொல்கிறோம்" என்று விளம்பரம் செய்தது. ஜெசிக்கா மிட்போர்டு என்ற பெண் எழுத்தாளர் 1970இல் 'அட்லாண்டிக்' இதழில் எழுதிய கட்டுரையில், அப்பெரிய எழுத்தாளர்கள் மாணவர்களின் பாடங்களைத் திருத்துவதே இல்லை என்பதை அம்பலமாக்கினார். சில ஆண்டுகளுக்குள் அப்பள்ளி திவாலாயிற்று.

இவற்றால் அறிவது என்ன? எல்லாரையும் தேர்ந்தெடுப்பவர் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. 'இல்லை' என்று சொல்லத் தெரியாதவர் சொல்லும் 'ஆம்' என்பதற்கு மதிப்பில்லை. நம் தேர்வில் எழுதிய அனைவர்க்கும் நூற்றுக்கு நூறு போட்டால் உங்களுக்கு மகிழ்ச்சியாகவா இருக்கும்?

இன்று விரிக்கப்படும் வலைகள்

1. தொகுப்பு நூல் வலை: என் அறுபது ரூபாயும் அம்மாணவியின் 499 ரூபாயும் இவ்வகையே. அனுப்பியவர் அனைவரும் 'தேர்வு' பெறுவர்.

2. பரிசு வலை: "உங்களுக்கு 25,000 ரூபாய் பரிசு, அனுப்புவதற்கான செலவும் வரியும் முன்கூட்டிச் செலுத்துக" என்று வரும். பரிசு தருபவர் பரிசு பெறுபவரிடம் பணம் கேட்பது எங்கும் இல்லாத வழக்கம். வங்கி எண்ணையும் ஓ.டி.பி. எண்ணையும் கேட்டால் அது இலக்கியப் போட்டியே அன்று, திருட்டு.

3. விருது வலை: சுடர், திலகம், செம்மல் என்று பட்டம் தருவார்கள். பொன்னாடைக்கும் கேடயத்திற்கும் மேடைக்கும் நாமே கட்டணம் செலுத்தவேண்டும். சில இடங்களில் 'உலக சாதனை'ச் சான்றிதழும், மதிப்புறு முனைவர் பட்டமும்கூட விலைக்குக் கிடைக்கின்றன. இவ்வலையில் விழுவோர் மாணவியர் மட்டுமல்லர், பெரியோர்களும் உளர்.

4. பதிப்பு வலை: "உங்கள் நாவலை நாங்கள் வெளியிடுகிறோம்" என்று தொடங்கி, பிழைதிருத்தம், அட்டைப்படம், விளம்பரம், வெளியீட்டு விழா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பணம் கேட்பர். ஐ.எஸ்.பி.என். எண் வாங்கப் பெருந்தொகை கேட்போரும் உண்டு. நம் நாட்டில் அந்த எண்ணை மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமின்றியே வழங்குகிறது. மேலும் அந்த எண் நூலின் அடையாளமே தவிர, தரத்துக்குச் சான்று அன்று.

5. உரிமை வலை: இதில் பணமே கேட்கமாட்டார்கள். ஆனால் விதிகளின் கடைசி வரியில், "போட்டிக்கு வரும் படைப்புகள் அனைத்தும் எங்களுக்கே சொந்தம்" என்று பொடி எழுத்தில் இருக்கும். பரிசு ஒருவருக்கு, பறிபோவது எல்லாருடைய படைப்பும்!

எழுதியவளுக்கே உரிமை

இந்த ஐந்தாம் வலையைப் புரிந்துகொள்ள, பதிப்புரிமை என்பது என்னவென்று அறியவேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு கவிதையை நீங்கள் எழுதி முடித்தவுடனே அதன் உரிமை உங்களுடையது. பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை. விரும்பினால் 500 ரூபாய் கட்டணத்தில் அரசின் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்து வைக்கலாம். எழுதியவரின் வாழ்நாள் முழுதும், அவர் மறைந்த பின் 60 ஆண்டுகளும் அவ்வுரிமை நிலைக்கும்.

உரிமையைப் பிறருக்கு மாற்றித் தருவதானால் அது எழுத்தில் இருக்கவேண்டும், கையொப்பம் வேண்டும். எந்தப் படைப்பு, என்னென்ன உரிமைகள், எத்தனை ஆண்டு, எந்த நாட்டில், என்ன தொகை என்பவை அதில் தெளிவாக இருக்கவேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தாலன்றி, அவ்வுரிமை கழிந்துபோகும்.

உரிமை என்பது ஒன்றன்று, பல. இதை மகாகவி பாரதியாரின் வாழ்வு நமக்குக் காட்டும். அவர் 1920இல் கடையத்தில் இருந்தபோது தம் எழுத்துகளை 40 தொகுதிகளாக வெளியிடத் திட்டமிட்டு, நண்பர்களிடம் கடன் வேண்டிச் சுற்றறிக்கை அனுப்பினார். பணம் சேரவில்லை. மறு ஆண்டே அவர் மறைந்தார். அவர் மறைவுக்குப் பின் நூலாக அச்சிடும் உரிமை ஒருபுறமும், இசைத்தட்டிலும் வானொலியிலும் திரைப்படத்திலும் பாடும் உரிமை வேறொருபுறமும் சென்றன. கடைசியில் 1949இல் சென்னை மாகாண அரசு அவ்வுரிமைகளைப் பெற்று, பின்னர் அவற்றை மக்களுக்கே பொதுவாக்கியது. நாட்டுக்கே பாடிய கவிஞரின் பாட்டை நாட்டு மக்கள் தடையின்றிப் பாட, அத்தனை ஆண்டு ஆயிற்று! எனவே 'எல்லா உரிமைகளும்' என்ற இரண்டு சொற்களைக் கண்டால், கையொப்பமிடும் கையைச் சற்றே நிறுத்துங்கள்.

மாணவியர்க்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை ஒட்டி, 1903இலேயே இது தீர்ப்பாக உறுதிப்பட்டது. நேர்மையான பதிப்பாளர், "உன் தந்தையையோ தாயையோ அழைத்து வா" என்பார். "வீட்டில் சொல்லவேண்டாம், நீயே கையெழுத்துப் போடு" என்பவரை அக்கணமே விட்டு விலகுங்கள்.

கேட்கவேண்டிய ஏழு கேள்விகள்

வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஆராய்ந்து அறிந்தபின் நம்புக என்பது அதன் கருத்து. போட்டி அறிவிப்போ பதிப்பக அழைப்போ வந்தால் கீழ்க்கண்டவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

1. நடத்துபவர் யார்? முகவரி உண்டா, அல்லது கைப்பேசி எண் மட்டுமா?
2. நடுவர்கள் யார்? அவர்கள் பெயர் அறிவிக்கப்பட்டுள்ளதா?
3. சென்ற ஆண்டு பரிசு பெற்றவர் யார்? அப்படைப்பு எங்கே வெளிவந்தது?
4. கட்டணம் உண்டா? உண்டென்றால் எதற்கு? பரிசுத்தொகை அக்கட்டணத்திலிருந்தே வருகிறதா?
5. பரிசு பெறாத படைப்பின் உரிமை யாருக்கு?
6. நூல் வெளிவந்தால் எழுதியவருக்கு இலவசப் பிரதி உண்டா? கடைகளில் கிடைக்குமா? 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு பதிப்பாளரும் சென்னைக் கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நான்கு பொது நூலகங்களுக்குத் தம் நூலின் பிரதியை அனுப்பவேண்டும். முந்தைய நூல்களை அனுப்பினாரா?
7. ஏன் இத்தனை அவசரம்?

இவற்றுள் ஏழாவதே தலையானது. "இன்று இரவுக்குள்", "கடைசி மூன்று இடங்கள்" என்று விரட்டுவதெல்லாம் நாம் ஆராயாதிருக்கச் செய்யும் தந்திரம். வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதை 1822இல் இலண்டனில் அச்சாயிற்று. அப்போது அவர் மறைந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. நல்ல எழுத்து காத்திருக்கும். அது ஓர் இரவில் கெட்டுப்போகும் பண்டம் அன்று.

நேர்மையான வழிகளும் உள

இவ்வளவும் படித்துவிட்டுப் போட்டி என்றாலே அஞ்சிவிடாதீர்கள். நேர்மையான போட்டிகள் தமிழுக்கு நல்ல எழுத்தாளர்களைத் தந்துள்ளன. நம் பழுவூர் மண்ணின் பழுவேட்டரையர்களைப் 'பொன்னியின் செல்வ'னில் உலவவிட்டவர் கல்கி. அவர் தொடங்கிய 'கல்கி' இதழ் 1966இல் வெள்ளிவிழா நாவல் போட்டி நடத்தியது. முதற்பரிசு பெற்ற உமாசந்திரனின் 'முள்ளும் மலரும்' இதழில் தொடராக வந்தது, நூலாயிற்று, 1978இல் திரைப்படமும் ஆயிற்று. அங்கே பரிசு கொடுத்தது இதழ், பெற்றது எழுத்தாளர். பணம் சரியான திசையில் சென்றது.

முசிறியில் 1925இல் பிறந்த ராஜம் கிருஷ்ணனைப் பாருங்கள். பதினைந்து வயதில் மணமாகிப் பள்ளிப் படிப்பு நின்றது. வீட்டிலிருந்தே படித்து, எழுதி, 'பெண்குரல்' நாவலுக்குக் 'கலைமகள்' இதழின் நாராயணசாமி ஐயர் நினைவுப் பரிசை 1953இல் பெற்றார். 1973இல் சாகித்திய அகாதெமி பரிசும் அவரைத் தேடி வந்தது. திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்த எழுத்தாளர் லக்ஷ்மி, சென்னையில் மருத்துவம் படிக்கும்போது வீட்டில் பணமுடை நேர்ந்தது. 'ஆனந்த விகடன்' ஆசிரியர் எஸ். எஸ். வாசன் அவர் கதைகளை வெளியிட்டுச் சன்மானம் தந்தார். கதை எழுதியே அவர் டாக்டரானார். 1984இல் அவரும் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றார். எழுத்து அவரிடமிருந்து பணத்தை வாங்கவில்லை. அவருக்குப் பணத்தைத் தந்தது.

உங்களுக்கு அருகிலேயே மேடைகள் உள்ளன. வகுப்பின் கையெழுத்து ஏடு, பள்ளியின் சுவரொட்டி இதழ், இந்த ஆண்டு மலர், பள்ளிக் கல்வித்துறை நடத்தும் போட்டிகள், கிளை நூலகம் நடத்தும் கட்டுரைப் போட்டி ஆகியவற்றில் எழுதிப் பழகுங்கள். பத்திரிகைக்கு அனுப்பும்போது ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, நாள் குறித்து அனுப்புங்கள். திரும்பி வந்தால் வருந்தாதீர்கள். திருப்பி அனுப்பும் ஆசிரியர் உங்கள் படைப்பைப் படித்திருக்கிறார்.

பெற்றோருக்கு ஒரு சொல்

மகள் எழுதுகிறாள் என்பதில் உங்களுக்குள்ள பெருமை எங்களுக்குத் தெரியும். சான்றிதழும் பதக்கமும் வீட்டுச் சுவரில் அழகாக இருக்கும். ஆனால் விலைக்கு வந்த பதக்கம், உழைக்காமலே புகழ் கிடைக்கும் என்று பிள்ளைக்குக் கற்பித்துவிடும். பணம் கேட்கும் எந்த அழைப்பையும் ஒருநாள் தள்ளிவைத்து, பள்ளியில் ஆசிரியையிடமோ தலைமைச் சகோதரியிடமோ ஒரு சொல் கேட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே பணம் போய்விட்டதா? பிள்ளையைத் திட்டாதீர்கள். வந்த செய்திகளையும் பணம் செலுத்திய விவரத்தையும் அழிக்காமல் வையுங்கள். வங்கிக்கு உடனே தெரிவியுங்கள். கைப்பேசி வழியாகவோ இணையம் வழியாகவோ பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணில் தாமதமின்றிப் புகார் செய்யலாம். பணம் வாங்கியும் நூல் தராதவர் மீது நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம். வெட்கப்பட வேண்டியது ஏமாற்றியவர்; ஏமாந்தவர் அல்லர். நான் அன்று என் தாயிடம் சொல்லியிருந்தால், அவர்கள் என்னைத் தேற்றியிருப்பார்களே அன்றி, ஏசியிருக்கமாட்டார்கள்.

முடிவாக

அம்மாணவி என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். இருவரும் உட்கார்ந்து மேலே சொன்ன கேள்விகளுள் மூன்றைத் தேர்ந்தெடுத்து அனுப்பினோம்: நடுவர் யார்? சென்ற நூல் எந்த நூலகத்தில் உள்ளது? கவிதையின் உரிமை யாருக்கு? அன்று இரவு பதில் வரவில்லை. மறுநாள், கட்டணம் 299 ரூபாயாகக் குறைக்கப்பட்டது என்று ஒரு செய்தி வந்தது. கேள்விகளுக்கு இன்றுவரை பதில் இல்லை.

அவளுக்கு இரண்டு நாள் முகம் வாடித்தான் இருந்தது. பிறகு அக்கவிதையை எடுத்துவந்து, "டீச்சர், இது நெஜமாவே நல்லாயிருக்கா?" என்று கேட்டாள். சேர்ந்து படித்தோம். நான்கு வரிகள் மிகையாக இருந்தன; நீக்கினாள். ஓர் உவமை பழையதாக இருந்தது. தன் ஊர் ஏரியிலிருந்து புதிதாக ஒன்று கண்டுபிடித்தாள். மூன்று முறை திருத்தி எழுதினாள். 499 ரூபாய் கேட்டவர்கள் அவளிடம் ஒரு சொல்லைக்கூடத் திருத்தச் சொன்னதில்லை.

அக்கவிதை இந்த மலரின் மாணவியர் பகுதியில் உள்ளது. கட்டணம் இல்லை, பதக்கமும் இல்லை. அவள் பெயரில் எழுத்துப் பிழை இல்லை என்பதை மட்டும் நானே இருமுறை சரிபார்த்தேன்.

— தமிழாசிரியை